ஷேர்களைச் சலிக்க எந்தச் சல்லடை?

மாவு சலிக்கிற சல்லடையில் ரவையைக் கொட்டினால் அத்தனையும் மேலேயே நின்றுவிடும். ரவைச் சல்லடையில் மாவைப் போட்டாலோ தவிடும் சேர்ந்தே இறங்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஷேர் விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் சல்லடையை முதலில் வாங்கிவிட்டு, எதைச் சலிப்பது என்று பிறகு யோசிக்கிறார்கள்!

மும்பைப் பங்குச் சந்தையில் பதிவாகியுள்ள கம்பெனிகள் 5,000-க்கு மேல். அத்தனை பேர் கணக்கையும் படிக்க ஆயுள் போதாது. 'கடன் குறைவு, லாபம் வளர்கிறது, விலையும் அதிகமில்லை' என்று நிபந்தனை போட்டால், கண் மூடித் திறப்பதற்குள் இருபது முப்பது பெயர்களைப் பொறுக்கித் தருகிற மென்பொருளுக்குத்தான் 'ஸ்கிரீனர்' என்று பெயர்.

எது நல்லது என்று கேட்குமுன் உங்கள் வழி எது என்று தீர்மானியுங்கள். பெண்ணின் படிப்புக்காகப் பத்து வருஷம் வைத்திருக்கப் போகிற ஷேரா? அப்படியானால் பல வருஷ லாப நஷ்டக் கணக்கு, போட்ட முதலுக்குக் கிடைத்த வருமானம், கம்பெனியை நடத்துகிறவர்கள் தங்கள் ஷேர்களை அடகு வைத்திருக்கிறார்களா என்ற விவரம் இவையெல்லாம் வேண்டும். ஸ்கிரீனர் என்ற பெயரிலேயே உள்ள இந்தியத் தளம் இந்த ரகம். சில வாரங்களில் வாங்கி விற்கிறவர்களுக்கோ விலையின் போக்கும், கைமாறிய ஷேர்களின் எண்ணிக்கையும்தான் முக்கியம். சார்ட்டிங்க் போன்றவை அவர்களுக்கு. அன்றே வாங்கி அன்றே விற்பதா? 2022-23-ல் அப்படிச் செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நஷ்டப்பட்டதாக செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தச் சல்லடையைச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை.

நிபந்தனை போடுவதிலும் சூட்சுமம் உண்டு. 'கடன் குறைவு' என்று எழுதிப் பாருங்கள்; பாங்குகள் பெரும்பாலும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். பிறர் பணத்தை வாங்கிக் கடன் கொடுப்பதுதானே பாங்கின் தொழில்? 'லாபத்தைப் பார்க்க விலை மலிவு' என்பதும் அப்படித்தான். ஒரு கம்பெனி தன் நிலத்தை விற்றிருக்கலாம். அந்தப் பணமும் லாபத்தில் சேர்ந்து, ஷேர் கொள்ளை மலிவாகத் தோன்றும். அடுத்த வருஷம் விற்க நிலம் ஏது?

சல்லடைக்குப் பொய் தெரியாது என்பதையும் கவனியுங்கள். சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7-ம் தேதி ஒப்புக்கொண்டார். முந்திய நாள் வரை 'ரொக்கம் நிறைய உள்ள கம்பெனி' என்று சலித்திருந்தால் அதுவும் ஜம்மென்று பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே பட்டியலில் வந்ததெல்லாம் வாங்கத் தக்கது என்று அர்த்தமில்லை. படித்துப் பார்க்கத் தக்கது, அவ்வளவுதான்.

சந்தா கட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கிற பகுதியில், உங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியை எடுத்து, அதன் ஆண்டறிக்கையோடு எண்களை ஒத்துப் பாருங்கள். துணைக் கம்பெனிகளைச் சேர்த்த கணக்கா, தனிக் கணக்கா? காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் கம்பெனிகள் கணக்கு வெளியிட வேண்டும். ஆண்டின் கடைசிக் காலாண்டுக்கு 60 நாட்கள். அந்தப் புதுக் கணக்கு ஏறியிருக்கிறதா, இல்லை, போன வருஷத்துப் பழையதுதான் நிற்கிறதா? பழையதுதான் என்றால், பணத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு வேறொன்றைத் தேடுங்கள்.