குனிந்தே நடந்த எட்டடி மனிதர்!

இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைக்காத சுட்டிகள் உண்டா? அலமாரியின் மேல்தட்டில் அம்மா ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவை எட்டி எடுக்கலாம். கூடைப்பந்து அணியில் சேரலாம். பஸ்சில் கம்பியைப் பிடிக்க எம்ப வேண்டாம்!

ஆனால், அந்த உயரம் நிற்காமல் வளர்ந்துகொண்டே போனால்? அப்படி வளர்ந்த ஒருவரின் கதைதான் இது, குட்டீஸ்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆல்டன் என்று ஓர் ஊர். அங்கே 1918 பிப்ரவரி 22 அன்று பிறந்தான் ராபர்ட் வாட்லோ. பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தான். ஆனால் 5 வயதில் 5 அடி 4 அங்குலம்! 17 வயது அண்ணன்களுக்குத் தைத்த உடைதான் அவனுக்குச் சரியாக இருந்தது. 8 வயதில் 6 அடி. 9 வயதில் அப்பாவையே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினானாம்! 14 வயதில் 7 அடி 5 அங்குலம். கடைசியாக 1940 ஜூன் 27 அன்று அளந்தபோது 8 அடி 11.1 அங்குலம், அதாவது 272 சென்டிமீட்டர். உலகில் சரியாக அளந்து பதிவு செய்யப்பட்டவர்களில் இவரைவிட உயரமானவர் இன்றுவரை யாருமில்லை.

ஏன் இப்படி? நம் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. நாம் வளர்வதற்கான ஹார்மோனைச் சுரப்பது அதுதான். ராபர்ட்டுக்கு அது அளவுக்கு மீறிச் சுரந்தது. அதை நிறுத்தும் வழி அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டு வாசற்கதவைப் பாருங்கள். ஏழடி இருந்தாலே அதிகம். அப்படியானால் ராபர்ட் எத்தனை கதவுகளில் குனிந்திருப்பார்! நம் ஊருக்கு விருந்தாளியாக வந்திருந்தால், முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அவரை உள்ளே அழைக்க வேண்டும். பள்ளியில் அவருக்கென்று தனி மேஜை செய்தார்கள். அப்பாவின் காரில் முன் இருக்கையைக் கழற்றிவிட்டு, பின்னால் உட்கார்ந்து முன்னால் காலை நீட்டிக்கொள்வார். கிட்டார் வாசிப்பது அவருக்குப் பிடிக்கும். ஆனால் விரல்கள் பெரிதாகிவிட்டதால் அதையும் விட வேண்டியதாயிற்று, பாவம்!

காலணிதான் பெரிய செலவு. அவரது பாதத்தின் நீளம் 47 சென்டிமீட்டர். உங்கள் பள்ளி ஸ்கேல் ஒன்றரையை வைத்தாலும் எட்டாது! பிறகு ஒரு காலணி நிறுவனம் அவருக்கு இலவசமாகச் செய்து கொடுத்தது. பதிலுக்கு ராபர்ட் அப்பாவுடன் ஊர் ஊராகப் போய் அந்த நிறுவனத்துக்கு விளம்பரம் செய்தார். 800க்கும் மேற்பட்ட ஊர்கள்!

போகும் இடமெல்லாம் கூட்டம் கூடும். சிலர் பொய்க்கால் கட்டியிருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு அவர் காலைக் கிள்ளிப் பார்ப்பார்களாம். கதவில் இடித்துக்கொண்டால் அந்த வலி சிறிது நேரத்தில் போய்விடும், இது போகுமா? ஆனாலும் ராபர்ட் மிகவும் சாதுவானவர். 'மென்மையான ராட்சதர்' என்றுதான் ஊரார் அவரைச் சொன்னார்கள். ஒரு பெரிய சர்க்கஸ் குழுவோடு சில நாட்கள் போனபோது, உயரமான தொப்பியும் நீண்ட கோட்டும் போடச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டார். தினமும் போடும் சாதாரண கோட்டு சூட்டில்தான் வந்து நின்றார்.

இன்னொரு சிக்கல் கால்களில். ஒரு மரக்கட்டையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். ஆனால் தரையில் ஊன்றும் அடிப்பரப்பு நான்கு மடங்குதான். உடம்பும் அப்படித்தான். கால்கள் பெருக்கும் வேகத்தைவிட அவை சுமக்கும் பாரம் வேகமாகக் கூடும். ராபர்ட்டின் எடை 200 கிலோவைத் தாண்டியது. கால்தாங்கி இல்லாமல் நடக்க முடியவில்லை. பாதங்களில் உணர்ச்சியும் குறைந்துவிட்டது.

1940 ஜூலை 4. மிச்சிகன் மாநிலத்தில் மனிஸ்டீ என்ற ஊரில் ஒரு விழா. சரியாகப் பொருந்தாத கால்தாங்கி கணுக்காலில் உரசிக் கொப்புளம் போட்டுவிட்டது. நமக்கென்றால் செருப்பு கடித்தவுடனே "ஆ!" என்று கழற்றிவிடுவோம். ராபர்ட்டுக்கு அது தெரியவே இல்லை. கொப்புளத்தில் கிருமி தொற்றியது. பென்சிலின் மருந்து மருத்துவமனைகளுக்கு வராத காலம் அது. ரத்தம் ஏற்றினார்கள், அறுவை சிகிச்சையும் செய்தார்கள். பலனில்லை. ஜூலை 15 அன்று தூக்கத்திலேயே ராபர்ட் இறந்துபோனார். வயது 22தான்.

அவர் பயன்படுத்திய பொருட்களில் பெரும்பாலானவற்றைப் பெற்றோர் அழித்துவிட்டார்கள். யாராவது அவற்றை வாங்கிக் காட்சிக்கு வைத்துக் காசு பார்ப்பார்கள் என்ற கவலை!

துருக்கி நாட்டின் சுல்தான் கோசனுக்கும் பிட்யூட்டரியில்தான் கோளாறு. அவர் உயரம் 251 சென்டிமீட்டர். ஆனால் அவர் பிறந்தது 1982ல். 2010ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் கத்தியே வைக்காமல், காமா கதிர்களைச் செலுத்திச் சிகிச்சை அளித்தார்கள். வளர்ச்சி நின்றுவிட்டது என்று 2012ல் தெரிந்தது. ஊன்றுகோலுடன் நடக்கிறார். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல் மட்டும் தேவையில்லை!

அதே துருக்கியைச் சேர்ந்த ருமேசா கெல்கி, 215 சென்டிமீட்டர் உயரத்துடன் உலகின் மிக உயரமான பெண் என்று 2021ல் கின்னஸில் இடம்பெற்றார். இவருக்கு இருப்பது வேறொரு பிறவிக் கோளாறு. விமான இருக்கையில் உட்கார முடியாது என்பதால் பல ஆண்டுகள் விமானமே ஏறவில்லை. 2022ல் ஒரு விமானத்தில் ஆறு இருக்கைகளின் இடத்தில் படுக்கை அமைத்துக் கொடுத்தார்கள். இஸ்தான்புல்லில் இருந்து சான்பிரான்சிஸ்கோ வரை 13 மணி நேரம் படுத்தபடியே பறந்தார்.

அப்படியானால் உயரத்தால் தொல்லை மட்டும்தானா? சீனாவில் இரண்டு டால்பின்களுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறதே! 2006ல் பூஷுன் நகர நீர்க்காட்சி சாலையில், குளத்தின் ஓரத்திலிருந்த பிளாஸ்டிக்கை அவை விழுங்கிவிட்டன. கருவிகளால் வெளியே எடுக்க முடியவில்லை. மருத்துவர்கள் யோசித்து, 236 சென்டிமீட்டர் உயரமுள்ள பாவோ ஷிஷுனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் கையின் நீளம் மட்டுமே 106 சென்டிமீட்டர்! பற்கள் கடிக்காதபடி டால்பினின் தாடைகளில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். பாவோ வாய் வழியாக வயிறு வரை கையை விட்டார். பிளாஸ்டிக் துண்டுகள் வெளியே வந்தன. இரண்டு டால்பின்களும் பிழைத்துக்கொண்டன!