ஏலக்காய் ஸ்டோரும் பள்ளிப் பிள்ளைகளின் ஆராய்ச்சியும்

போடிமெட்டுப் பாதையில் மலையேறும் அங்கத்தினர் யாவரும் ஏலக்காய் ஸ்டோரின் புகைபோக்கியை அறிவர். அப்புகையோடு நம் பணம் எவ்வளவு போகிறதென்று கணக்கிட்டவர் சிலரே. அக்கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம் என்பது எமது யோசனை.

பிள்ளைகளிடமா என்று வியக்க வேண்டுவதில்லை. 1993ஆம் வருஷம் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கப்பெற்றது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் இதனை முன்னின்று நடத்தி வந்திருக்கிறது. 10 முதல் 17 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊர்ப் பிரச்னை ஒன்றைத் தெரிந்தெடுத்து, வழிகாட்டி ஒருவரின் துணையோடு ஆராய்ந்து, முடிவை மாவட்ட மாநாட்டில் எடுத்துரைக்க வேண்டும். தேறிய ஆய்வுகள் மாநில மாநாட்டிற்கும், பின்னர் தேசிய மாநாட்டிற்கும் செல்லும். தமிழிலேயே எழுதலாம், பேசலாம். சாயநீர் பொங்கும் பொம்மை எரிமலையை மேஜைமீது வைத்துக் கைதட்டு வாங்கும் கண்காட்சியன்று இது.

நம் ஸ்டோரையே எடுத்துக்கொள்வோம். பச்சைக்காயில் நூற்றுக்கு 80 பங்கு நீர். அதனை 10 பங்களவுக்குக் குறைக்க வேண்டுமானால், 100 கிலோ பச்சைக்காயிலிருந்து ஏறக்குறைய 78 கிலோ நீர் வெளியேற வேண்டும். மிஞ்சுவது 22 கிலோ. இந்நீரை ஆவியாக்குவதற்கு மட்டும் வேண்டிய வெப்பம் சுமார் 12 கிலோ காய்ந்த விறகில் அடங்கியிருக்கிறது! அடுப்பில் நாம் இடும் விறகோ அதனினும் மிக அதிகம். மீதி வெப்பம் எங்கே போயிற்று? சுவரின் வழியாகவா, புகைபோக்கியின் வழியாகவா, ஈர விறகை உலர்த்துவதிலேயா? ஒரு தராசு, இரண்டு வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதனைத் தேடத் தொடங்கலாம். சூட்டை மிகுத்தால் காயின் பச்சை நிறம் மங்கி ஏலத்தில் விலை இறங்கும் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கே வழிகாட்டியின் பொறுப்பு பெரிது. விடையை அவரே எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளை ஒப்பிக்கச் செய்தால் பரிசு கிடைக்கலாம். ஸ்டோருக்கு ஒரு விறகும் மிச்சமாகாது. "மறுபடி அளந்தீர்களா?" என்று கேட்பவரே நல்ல வழிகாட்டி. அவர் உபாத்தியாயராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. அடுப்பு மூட்டிப் பழகியவரின் அனுபவமும் இதற்கு வேண்டும். பெயர்பெற்ற ஞள்ளானி ரகத்தை நமக்குத் தந்தவர், தேனீயையும் செடியையும் கூர்ந்து கவனித்த கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவரே அன்றோ!

நெசவாள அங்கத்தினருக்கும் இதில் பங்குண்டு. சாயத் தொட்டியில் இட்ட சாயத்தில் எவ்வளவு நூலில் ஏறுகிறது, எவ்வளவு கழிவுநீரோடு ஓடுகிறது என்பதும் இத்தகைய கேள்வியே.

பிள்ளைகள் ஆராய இடம் வேண்டும். பறிப்புக் காலத்தில் ஸ்டோரை அவர்களுக்குத் திறந்துவிடவும், விறகுச் செலவின் உண்மைக் கணக்கை மறைக்காது காட்டவும் இசையும் அங்கத்தினர்கள், அருகிலுள்ள பள்ளியின் விஞ்ஞான உபாத்தியாயரைக் கண்டு பேசுவார்களாக. அடுப்பருகே பிள்ளைகள் நிற்கையில் பெரியவர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்.