பேராசிரியருக்கு ஓட்டு: கணக்கு யார் கையில்?

மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்தியாக வேண்டும். வந்த நோட்டீஸை அப்படியே எங்களுக்கு அனுப்பி வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “பொறியியல் படித்து, இப்போது மேலாண்மைக் கல்லூரியில் வணிக உத்தியும் நிறுவன ஆளுகையும் ஆராயும் பேராசிரியரைச் சுயேச்சை இயக்குநராக்கப் போகிறார்களாம். ஆதரிக்கலாமா?”

அவர் படிப்பைப் பிறகு பார்ப்போம். ஓட்டு எண்ணும் விதம்தான் உறுத்துகிறது.

சுயேச்சை இயக்குநர் என்பவர் சிறு பங்குதாரரின் காவலராம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி அப்படித்தான் சொல்கிறது. அதற்காகவே 2022 ஜனவரி 1 முதல் அவர் நியமனத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்ப்பைப்போல் மூன்று மடங்கு ஆதரவு! ஆனால் பட்டியலிட்ட நிறுவனத்தில் புரமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் தரப்பு, 75 சதவீதம் வரை வைத்திருக்கலாம். மீதி 25 சதவீதக்காரர்கள் ஒருவர் விடாமல் எதிர்த்தாலும் 75-க்கு 25. சரியாக மூன்று மடங்கு. அதோடு, எண்ணப்படுவது பதிவான ஓட்டு மட்டுமே. புரமோட்டரிடம் 60 இருந்து, மற்றவர்களில் பாதிப்பேர் சும்மா இருந்துவிட்டால், 20 எதிர்ப்பாலும் ஒன்றும் ஆகாது.

புரமோட்டர் அல்லாதவர்களின் பெரும்பான்மையும் தனியே வேண்டும் என்று 2021 மார்ச்சில் செபியே யோசனை சொன்னது. சில மாதங்களில் கைவிட்டது. 2022 நவம்பரில் அது வேறு உருவில் திரும்பியது: சிறப்புத் தீர்மானம் தோற்றாலும், மொத்த ஓட்டிலும் பொதுப் பங்குதாரர் ஓட்டிலும் பெரும்பான்மை இருந்தால் நியமனம் செல்லும். ஆக, உங்கள் ஓட்டு ஒருவரை உள்ளே விட உதவும், தடுக்கப் பெரும்பாலும் உதவாது. சாமர்த்தியமான ஏற்பாடுதான்.

படிப்பாளிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பவர்கள் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தை நினைத்துப் பார்க்கலாம். 2008 டிசம்பர் 16 அன்று அதன் புரமோட்டரான ராஜு குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் தந்த இயக்குநர் குழுக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஒரு மேலாண்மைக் கல்லூரியின் டீன். ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும் குழுவில் இருந்தார். அப்போது புரமோட்டர்களிடம் இருந்த பங்கோ பத்து சதவீதம்கூட இல்லை! முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பிறகே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

மற்ற கேள்விகள்:

பொறியியல் பட்டம் தடையா? இல்லை, சட்டம் குறிப்பிட்ட பட்டம் எதையும் கேட்பதில்லை.

பதவிக்காலம்? ஐந்தைந்தாகப் பத்து ஆண்டு வரை.

வருமானம்? கூட்டத்துக்கு ₹1 லட்சம் வரை கட்டணம், லாபத்தில் கமிஷன். ஸ்டாக் ஆப்ஷன் கிடையாது.

தோற்கிற ஓட்டை ஏன் போட வேண்டும்? பொதுப் பங்குதாரர் எதிர்ப்பு எவ்வளவு என்பதை நிறுவனம் இரண்டு வேலை நாட்களுக்குள் பங்குச் சந்தைக்குத் தனியாகக் காட்ட வேண்டும்.

மின்வாக்கு எதுவரை? கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணி வரை.