எதைத் தள்ளிவைக்கலாம், எதைக் கூடாது?

படிப்புக்குப் பிறகு – 7

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனால், அன்றைக்கே அந்த வீடு ஒரு விலை கொடுத்துவிடுகிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். மறுகரைக்கு நாடா போடும் அந்த இரண்டாவது ஆள் ஒரு காலத்தில் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். இன்று அந்தப் பிள்ளை படிக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் கூலிக்கு ஆள் வைக்கும் செலவு அப்பாவின் தலையில்.

இந்த வீட்டிலிருந்து வரும் மாணவரிடம் "உனக்குப் பிடித்ததைச் செய்" என்று சொல்லி அனுப்புவது பொறுப்பான பேச்சல்ல. "ஒரகடம் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடு" என்று மட்டும் சொல்வதும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. நிலையான வேலை என்று நம்பி வீடே தன் கணக்கைப் போட்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

வேறு என்ன சொல்லலாம்? இதே ஊர்க்காரர் ஒருவரின் இளமையைப் பாருங்கள். 1909-ல் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, வீட்டு வறுமையால் பள்ளிப் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பிறகு மீண்டும் படித்து, 1928-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1934-ல் ஆனர்ஸ் முடித்த கையோடு, திருப்பூர் வாலிபர் மாநாட்டில் பெரியார் கேட்டபோது, உத்தியோகத்தில் விருப்பமில்லை, பொதுவாழ்வே விருப்பம் என்று பதில் சொன்னார். அதற்குப் பின்னும் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்திருக்கிறார். 'திராவிட நாடு' இதழைக் காஞ்சியிலிருந்து தொடங்கியது 1942-ல்தான்.

அண்ணாவின் அரசியலை ஏற்காதவர்களும் இந்த வரிசையைக் கவனிக்கலாம். எழுத்தர் வேலை அவருடைய கொள்கைக்கு எதிரானதல்ல. வீட்டுக்குச் சோறு போட்ட வேலை. கொள்கை அதுவரை காத்திருந்தது, காணாமல் போகவில்லை. மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: முதல் வேலையிலேயே எல்லா விழுமியமும் நிறைவேற வேண்டியதில்லை. எது காத்திருக்கலாம், எது ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

வழிகாட்டும் ஆசிரியர்கள் விழுமியப் பட்டியலைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னால் குடும்பம், நேர்மை, சுதந்திரம் என எல்லாவற்றுக்கும் டிக் விழும். அமெரிக்க உளவியலாளர் மில்டன் ரோக்கீச்சின் படிவத்தில் வாழ்க்கை இலக்குகள் 18, நடத்தைப் பண்புகள் 18. அவற்றை வரிசைப்படுத்தச் சொன்னதே அவருடைய முறையின் வலிமை. முதலிடத்தில் ஒன்றைத்தான் வைக்க முடியும். வலிக்கும், வலிக்க வேண்டும்.

அப்படி வரிசைப்படுத்திய தாளை வீட்டிலும் காட்டச் சொல்லுங்கள். "நீயாவது தறியில உட்காராதே" என்று ஒரு நெசவாளி சொல்லும்போது எதை வெறுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. குழித்தறியில் மரத்துப்போகும் காலையா? மங்கும் கண்ணையா? கூலியையா? முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தையா? இவை வேறு வேறு பதில்கள். ஒவ்வொன்றும் பிள்ளைக்கு வேறு வழியைக் காட்டும். காலும் கண்ணும்தான் கவலை என்றால், பட்டை விட்டே ஓட வேண்டியதில்லை. வடிவமைப்பு, சாயம், கூட்டுறவுச் சங்க நிர்வாகம், விற்பனை இருக்கின்றன. சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பம் சொல்லித்தரும் மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. முன்பணக் கடன்தான் கவலை என்றால், முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் அதற்குப் போகட்டும். கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்கு முன் அந்தத் தாளில் ஒரு தேதியையும் எழுதட்டும்: கடன் முடிந்ததும் இதே கேள்வியை மறுபடி எடுக்கும் தேதி. அப்பாவும் அதில் கையெழுத்துப் போடட்டும்.