ரயில்வே கேட்டும் ஒரு சிறுகோளும்

ஆம்பூருக்குத் தெற்கே உள்ள ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டினால் காவலூர் வரும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில், 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 1885-இல் சென்னையில் நார்மன் போக்சன் 'வேரா'வைக் கண்டபின், நூறாண்டுக்கு மேல் பலிக்காதிருந்த வேட்டை அவ்வாண்டு பலித்தது. கணித மேதையின் நினைவாக அதற்கு '4130 ராமானுஜன்' என்று பெயர்.

சிறுகோளைப் பிடிப்பது எப்படி? வானின் ஒரே பகுதியைச் சிறிது நேரம் விட்டு மீண்டும் படமெடுப்பார்கள். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இடம் மாறிய புள்ளி எதுவோ அதுவே சிறுகோளாக இருக்கலாம். ஆனால் புள்ளியைக் கண்டால் போதாது. அதன் பாதை தெரிய வேண்டும்.

ராமானுஜன் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுவது. அதனால் நமக்குத் தொல்லையில்லை. சில சிறுகோள்களோ பூமியின் பாதையையே குறுக்கிடுகின்றன. 2004 ஜூனில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட அபோபிஸ் அத்தகையது. குறுக்களவு சுமார் 340 மீட்டர். அது 2029-இல் பூமியில் மோதுமோ என்ற ஐயம் எழுந்தது. மோதும் வாய்ப்பு நாளுக்கு நாள் ஏறி, டிசம்பர் 27 அன்று 37-க்கு 1 என்றானது. அதே நாளிலேயே அது பூஜ்யத்திற்கு விழுந்தது!

"விஞ்ஞானிகள் தப்பாகக் கணக்குப் போட்டார்களா, சார்?" என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. ஆம்பூர் நிலையத்தில் ஒரு ரயிலை ஒரு நொடி மட்டும் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள ஆளில்லா கேட்டை அது 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையே கடக்கும் என்று மட்டுமே உங்களால் சொல்ல முடியும். அந்தக் கேட்டில் ஒரு மாட்டுவண்டி 4.40 முதல் 4.45 வரை தண்டவாளத்தின் மேல் நிற்கப்போகிறது. ஆபத்து 60-க்கு 5. ரயிலை இன்னும் சற்று நேரம் கவனித்ததும், 4.30-க்கும் 5-க்கும் இடையே என்று சுருங்குகிறது. இப்போது ஆபத்து 30-க்கு 5. ரயிலும் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை; நம் அறிவு கூடியதால் எண் ஏறியது. மேலும் கவனித்ததில் 4.50-க்கு மேல்தான் வரும் என்று தெரிந்தால், ஆபத்து பூஜ்யம்.

அபோபிஸ் விஷயத்தில் அந்தக் கடைசித் தகவலைத் தந்தவை பழைய படங்கள். அவ்வாண்டு மார்ச்சில், வேறு வேலையாக எடுத்த படங்களில் யாரும் கவனியாத புள்ளியாக அது பதிந்திருந்தது. மூன்று மாதம் முந்தைய இடம் கிடைத்ததும் பாதை துல்லியமாயிற்று. பழைய படங்களை வானாய்வகங்கள் பூட்டிப் பாதுகாப்பது வீணல்ல!

2029 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். அன்று அதிகாலை நம் நேரப்படி சுமார் 3.15 மணிக்கு, அபோபிஸ் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. உயரத்தில் கடந்துபோகும். நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் இருப்பது 36,000 கி.மீ.யில். அவ்வளவு நெருங்குவதால் பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைத்துவிடும்: 324 நாளில் சூரியனைச் சுற்றும் அது, பிறகு ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்தப் புதிய பாதையையும் கணித்தாயிற்று. ரேடார் அளவீடுகளைக் கொண்டு 2021-இல் நாசா, குறைந்தது நூறாண்டுக்கு மோதல் இல்லை என்று அறிவித்தது.