காற்றாலையின் தம்பி

ஆடி மாதத்தில் உடுமலைப்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று ஆளையே தள்ளிவிடும். பெதப்பம்பட்டி, குடிமங்கலம் பக்கங்களில் தென்னந்தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

அந்தக் காற்றாலைக்கு வானத்தில் பறக்கிற ஒரு தம்பி உண்டு. சிறு நகரங்களுக்குச் செல்லும் விமானங்களின் இறக்கையில் சுழலும் விசிறிதான் அது. காற்றாலையில் காற்று விசிறியைச் சுற்றுகிறது. விமானத்தில் விசிறி காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அண்ணன் காற்றிலிருந்து ஆற்றலை வாங்குகிறான். தம்பி காற்றுக்கு ஆற்றலைக் கொடுக்கிறான். வேலை நேர் எதிர், விதி ஒன்றே.

ஜெட் விமானங்கள் பறக்கிற இந்தக் காலத்தில் விசிறி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அதிகக் காற்று, குறைந்த வேகம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 10 கிலோகிராம் காற்றை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பின்னுக்குத் தள்ளினால் கிடைக்கும் உந்துவிசை 10 × 20 = 200 நியூட்டன். நொடிக்கு 100 கிலோகிராம் காற்றை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 200 நியூட்டன்தான்.

இப்போது செலவைப் பாருங்கள். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது. முதல் வழியில் நொடிக்கு 2,000 ஜூல் செலவாகிறது. இரண்டாவது வழியில் 200 ஜூல்தான்! விசை ஒன்று, செலவோ பத்தில் ஒரு பங்கு.

பெரிய விசிறி செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். ஏடிஆர் 72 என்ற விமானத்தில் ஆறு இதழ்கள் கொண்ட இரண்டு விசிறிகள் உண்டு. ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 4 மீட்டர். சுமார் 70 பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் அது செல்லும். மேலும் வேகமாகப் பறக்க வைத்தால் விசிறி இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும்; ஆற்றல் வீணாகும். அங்கே ஜெட் எஞ்சின்தான் வேண்டும்.

ஆனால் 300 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த வேகம் தேவையா? மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் 36 நிமிடம். 800 கிலோமீட்டர் வேகத்தில் 22½ நிமிடம். மிச்சம் 14 நிமிடம்கூட இல்லை. ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தில் அதுவும் கரைந்துவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. இவ்வகை விமானம் எடை குறைந்தது. குறைந்த வேகத்திலேயே தரையை விட்டு எழும். எனவே சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை அதற்குப் போதும். கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 3 கிலோமீட்டர். சேலத்தில் இருப்பது சுமார் 1,800 மீட்டர். பெரிய விமானங்கள் தயங்கும் இடத்தில் சிறிய விமானம் தாராளமாக இறங்குகிறது.

வந்தன, நின்றன, வந்தன

இப்படிச் சிற்றூர்களை இணைக்க 1981-இல் வாயுதூத் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. கான்பூரில் தயாரான 19 இருக்கை டார்னியர் விமானங்களையும் அது ஓட்டியது. தமிழ்நாட்டில் நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் அதன் சேவை இருந்தது. 1990-களில் அந்நிறுவனம் மறைந்துவிட்டது.

2016 ஜூலையில் கோவையைத் தளமாகக் கொண்டு ஏர் கார்னிவல் என்ற நிறுவனம் ஏடிஆர் 72 விமானங்களுடன் பறக்கத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் நின்றுபோனது. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

சேலத்துக்கு 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் சென்னையிலிருந்து ட்ரூஜெட் விமானம் வந்தது. 2021-இல் அது நின்றது. 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்களின் விமானங்கள் மீண்டும் சேலத்தில் இறங்கின.

எந்திரம் நன்றாக இருக்க, சேவை ஏன் தடுமாறுகிறது?

காலி இருக்கையின் கணக்கு

ஒருமுறை பறக்க 2,10,000 ரூபாய் செலவாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 70 பேர் ஏறினால் ஆளுக்கு 3,000 ரூபாய். 35 பேர்தான் வந்தால் 6,000 ரூபாய். எரிபொருளும் விமானி சம்பளமும் ஆள் குறைந்ததற்காகப் பாதியாகிவிடுவதில்லை.

உடுமலை விவசாயி தேங்காய் விலை இறங்கினால் அதை உலர்த்திக் கொப்பரையாக வைத்துக்கொள்ளலாம். காலி இருக்கையை உலர்த்தி வைக்க முடியுமா? விமானம் எழும்பிய நொடியில் அது கைவிட்டுப் போய்விடுகிறது.

உடுமலைக்காரருக்குக் கோவை விமான நிலையம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரவில் ரயிலேறினால் காலையில் சென்னை. நல்ல சாலையும் ரயிலும் உள்ள ஊரில் சிறு விமானத்துக்குப் போட்டி அதிகம். ஸ்காட்லாந்தின் பாரா தீவிலோ நிலைமை வேறு. அங்கே கடற்கரை மணலே ஓடுபாதை. அலை வடிந்திருக்கும் நேரம் பார்த்து 19 இருக்கை விமானம் இறங்குகிறது! தீவு மக்களுக்கு அது ஆடம்பரம் அல்ல. ஊர்ப் பேருந்து மாதிரி.

பாதி காலியாக இருந்தாலும் கடைசிக் கிராமம் வரை நம் ஊர்ப் பேருந்து போகிறதல்லவா? செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதால்தான் அது போகிறது. உடான் திட்டமும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். தொடக்கத்தில் சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு, பாதி இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு வைத்து, நிறுவனத்தின் இழப்பை ஈடுகட்ட மூன்று ஆண்டுகள் உதவித்தொகை தரவும் ஏற்பாடு செய்தது. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் மக்கள் பழகி, இருக்கைகள் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால்?

சிறிய ஓடுபாதையில் எப்படி இறங்குவது என்ற கேள்விக்கு அறிவியல் விடை கண்டுவிட்டது. எந்த ஊருக்கு விமானம் வேண்டும், எந்த ஊருக்கு நல்ல ரயிலே போதும், செலவை யார் ஏற்பது என்ற கேள்விகள் நம்மிடம் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு எது பொருத்தம்? தூரம், நேரம், கட்டணம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த ஆடிக் காற்றில் காற்றாலை சுழலும்போது, அதன் தம்பியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.