நிலைமாற்று மின்னழுத்தச் சீராக்கிகளில் மென்தொடக்கமும் பழுதுக்குப் பிந்தைய மீட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

மென்தொடக்கம் என்பது மின்சாரம் முதன்முதலாக இணைக்கப்படும் தருணத்திற்கு மட்டும் உரிய ஏற்பாடாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. பழுது நீங்கிச் சீராக்கி மீளும் ஒவ்வொரு முறையும் அவ்வேற்பாடு தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மென்தொடக்கம், பிழைப் பெருக்கி, குறுக்குச்சுற்று, மின்னோட்ட வரம்பு, மீட்சி.

1. முன்னுரை

நிலைமாற்றுச் சீராக்கி, உள்ளீட்டு மின்சாரத்தை நொடிக்குப் பல இலட்சம் முறை இணைத்தும் துண்டித்தும், மின்தூண்டி, மின்தேக்கி ஆகியவற்றின் துணையால் நிலையான மின்னழுத்தத்தைத் தருகிறது. இதிலுள்ள பிழைப் பெருக்கி, வெளியீட்டின் ஒரு பகுதியை ஒப்பு மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, இணைப்புக் காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

2. மென்தொடக்கத்தின் தேவை

தொடக்கத்தில் வெளியீட்டு மின்தேக்கி மின்னேற்றமின்றி இருக்கும். வெளியீடு சுழியமாக இருப்பதால், பிழைப் பெருக்கி இணைப்புக் காலத்தை உச்சத்திற்குக் கொண்டு செல்லும். 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 100 மைக்ரோ நொடியில் 3.3 வோல்ட்டுக்கு உயர்த்த ஏறத்தாழ 15.5 ஆம்பியர் தேவை. அதே பணி 5 மில்லி நொடியில் நிகழ்ந்தால் 0.31 ஆம்பியரே போதும்.

இதற்காக ஒப்பு மின்னழுத்தம் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. 10 மைக்ரோ ஆம்பியர் மாறா மின்னோட்டத்தால் மின்னேற்றப்படும் 62.5 நானோஃபாரட் மின்தேக்கி, 5 மில்லி நொடியில் 0.8 வோல்ட்டை எட்டும். பிழைப் பெருக்கி அவ்வுயர்வைப் பின்தொடர்கிறது.

3. பழுது நீங்கும் தருணம்

வெளியீட்டில் குறுக்குச்சுற்று ஏற்படும்போது மின்னோட்ட வரம்பு சீராக்கியைக் காக்கிறது. ஆயினும் வெளியீடு வீழ்ந்திருப்பதால் பிழைப் பெருக்கி உச்சநிலையில் தேங்கிவிடுகிறது; மென்தொடக்க மின்தேக்கியோ நிறைந்தே இருக்கிறது. குறுக்குச்சுற்று விலகியதும் வெளியீடு விரைந்து எழும். பிழைப் பெருக்கி உச்சநிலையிலிருந்து இறங்குவதற்குள் வெளியீடு 3.3 வோல்ட்டைக் கடந்துவிடும். பழுதின்போது தப்பிய நுண்செயலி, பழுது நீங்கியபின் அழிய நேரிடலாம். எனவே பழுது உணரப்பட்டவுடன் மென்தொடக்க மின்தேக்கியை முழுதும் வடிப்பது இன்றியமையாதது.

கணினி மின்வழங்கிகளில் பரவலாகப் பயன்பட்ட டி.எல்.494 சில்லில், மென்தொடக்கம் புறத்தே இணைக்கப்படும் மின்தேக்கியால் அமைகிறது. உள்ளீடு சிறிது நேரமே அறுபட்டு மீண்டால் அம்மின்தேக்கி வடிந்திராது, மென்தொடக்கமும் நிகழாது. வடிப்பு வழியை வடிவமைப்பாளரே அமைக்க வேண்டும்.

4. மீட்சி முறைகள்

முதலாவது, பழுது நேர்ந்ததும் நிரந்தரமாக நின்றுவிடும் முறை. இது பாதுகாப்பானது, எனினும், ஆளில்லா இடத்திலுள்ள கருவி ஒரு கணநேர இடையூற்றாலும் செயலிழந்து கிடக்கும். இரண்டாவது, சிறிது முயன்று, நின்று, மீண்டும் முயலும் ‘விக்கல்’ முறை. 5 மில்லி நொடி இயங்கி 45 மில்லி நொடி ஓய்ந்தால், குறுக்குச்சுற்றின்போது தோன்றும் சராசரி வெப்பம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும்.

இங்கு இரு காலங்களும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. வெளியீட்டு மின்தேக்கி மிகப் பெரிதாகவும் மென்தொடக்கக் காலம் குறைவாகவும் இருப்பின், மின்னேற்ற மின்னோட்டமே வரம்பைத் தொட்டுப் பழுதாகக் கொள்ளப்படும். பழுதே இல்லாத கருவி முடிவின்றி விக்கிக்கொண்டிருக்கும்.

5. எஞ்சிய மின்னேற்றம்

மீட்சியின்போது வெளியீட்டில் 2 வோல்ட் எஞ்சியிருக்கலாம். ஒப்பு மின்னழுத்தம் சுழியத்திலிருந்து தொடங்கினால், இரு நிலைமாற்றிகளும் மாறிமாறி இயங்கும் சீராக்கியில், கீழ் நிலைமாற்றி அம்மின்னேற்றத்தைத் தரைமுனைக்கு இழுத்துவிடும். ஒப்பு மின்னழுத்தம் எஞ்சிய வெளியீட்டுக்கு உரிய அளவை எட்டும்வரை இரு நிலைமாற்றிகளும் திறந்த நிலையில் இருத்தலே இதற்குத் தீர்வாகும்.

6. முடிவுரை

மின்னோட்ட வரம்பு பழுதின்போது சீராக்கியைக் காக்கிறது. மென்தொடக்கம் பழுது நீங்கும்போது சுமையைக் காக்கிறது. ஆகவே மின்தேக்கியின் வடிப்பு, ஓய்வுக் காலம், எஞ்சிய மின்னேற்றம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கணக்கிட்டே மீட்சியை வடிவமைத்தல் வேண்டும். சோதனையின்போதும் குறுக்குச்சுற்றை உண்டாக்குவதோடு நின்றுவிடாது, அதனை விலக்கும் கணத்தில் எழும் உச்ச மின்னழுத்தத்தையும் அளந்தறிதல் வேண்டும்.